காரமடைப் பக்கம் விழக் கற்றுக்கொள்கிறார்கள்

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்ததை இரண்டு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அதுவும் தொலைபேசியில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில். முழங்கையில் சிராய்ப்போடு போய்விட்டது. ஆனால் எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறாள். அடுத்த வாரமே நான் கிள்ளானிலிருந்து கோயம்புத்தூருக்குப் புறப்பட்டேன். அவளைக் கையோடு மலேசியாவுக்கு அழைத்து வந்துவிடுவது என்பது திட்டம். என் மனைவி ஓர் அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாள்.

கமலா அக்காவுக்கு எழுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தெட்டு. மோட்டார் பம்பு பொருத்த மலேசியாவில் எங்கள் ஊருக்கு வந்த ஒரு கோயம்புத்தூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இல்லை. அத்தான் போன பிறகு காரமடைக்குப் பக்கத்தில், முதியவர்கள் சேர்ந்து வாழ்வதற்கென்றே கட்டிய ஒரு குடியிருப்பில் சின்ன வீடாக எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் டாக்சி பிடித்தேன். காரமடைச் சாலையில் இதுபோன்ற குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. ஓட்டுநர் நம்பிக்கையோடு ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வரவேற்பில் இருந்த பெண் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பதிவேட்டைப் புரட்டினாள். "இங்க கமலான்னு மூணு பேரு இருக்கறாங்க. உங்க அக்கா எந்தக் கமலான்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்க" என்றாள். மூன்று பேரையும் வரவழைத்தும்விட்டாள். மூவரும் என்னைப் பார்த்து ஏதோ ஒரு எதிர்பார்ப்போடு நின்றார்கள். இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. சரியான இடம் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் நடை நான் நினைத்ததைவிட வேகமாக இருந்தது. பேச்சில் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் பேசும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சாதம். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் குழைய வேகவைத்து, நெய் ஊற்றித் தருகிறார்கள். பார்ப்பதற்கு நோயாளி உணவு மாதிரி இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, "வா, எங்க கிளாஸப் பாரு" என்று சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் நீல நிற மெத்தைகளை விரித்திருந்தார்கள். யோகா என்றுதான் நினைத்தேன். அப்போது வெள்ளைச் சீருடையும் இடுப்பில் பட்டையுமாக ஆறு கல்லூரி மாணவர்கள் உள்ளே வந்தார்கள். ஜூடோ அணி. பதினோரு முதியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு விழக் கற்றுக்கொடுப்பதற்காக இந்தப் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள், புதனும் சனியும் வருகிறார்கள்.

அணித் தலைவி தாரணி, பல்லடத்துப் பெண். அப்பா விசைத்தறியில் வேலை செய்கிறார். இது எப்படித் தொடங்கியது என்று அவளைக் கேட்டேன். அவர்கள் கல்லூரியில் எல்லா மாணவர்களும் இத்தனை மணி நேரம் சமூக சேவை செய்தாக வேண்டும். சேவை முகாம் நடக்கும் நாளில் எல்லாம் விளையாட்டு மாணவர்களுக்குப் போட்டி வந்துவிடும். அதனால் கடைசி வருடம் வரை அவர்களுடைய கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கும். ஒரு தடவை குளக்கரையைக் கூட்ட அனுப்பினார்களாம். போனார்கள், கூட்டினார்கள், படம் எடுத்தார்கள், வந்துவிட்டார்கள்.

"நாங்க தெனமும் நூறு தடவை உழுகறமுங்க. எங்களுக்கு அதுதான் நல்லாத் தெரியும். அதை வேணுங்கறவங்க யாருன்னு யோசிச்சோம்" என்றாள் தாரணி. விழுவதை அங்கே 'உழுகறது' என்பார்கள்.

விழுவது என்றால் தடாலென்று விழுவதில்லை. முதலில் படுத்துக்கொண்டு தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தலையைத் தூக்கிப் பழகுகிறார்கள். பிறகு உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் உருண்டு போகிறார்கள். அதன் பிறகு முழங்கால் உயர முக்காலியிலிருந்து, பக்கத்தில் ஒரு மாணவன் தோளைப் பிடித்திருக்க, பக்கவாட்டில் சாய்கிறார்கள். "கையை ஊனாதீங்க, பொடணி கீழ படக்கூடாது" என்று தாரணி தன் பின்தலையைத் தொட்டுக் காட்டி ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி அரைமணி நேரம் எழுந்திருப்பதற்கு. பக்கவாட்டில் புரண்டு, முழங்கைக்கு வந்து, முழங்காலுக்கு வந்து, ஒரு பாதத்தை முன்னால் வைத்து எழ வேண்டும். எதையும் பிடிக்கக் கூடாது.

சமையலறைக் கதவருகே இரண்டு வடநாட்டுப் பணியாளர்கள் நின்று இந்தியில் பேசிச் சிரித்தார்கள். அணியில் இர்ஃபான் என்ற பையன் இருந்தான். கோயம்புத்தூர் பழைய நகரத்தில் அவன் வீட்டார் துணிக்கடை வைத்திருப்பதால் அவனுக்கு இந்தி வரும். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "நம் ஊரில் கிழவர்கள் தானாகவே விழுவார்கள், இங்கே ஆள் வைத்துப் படித்து விழுகிறார்கள்" என்றார்களாம். அவன் சொல்லிவிட்டு அவனும் சிரித்தான்.

அக்கா முக்காலியிலிருந்து நான்கு முறை விழுந்தாள். நான்கு முறை எழுந்தாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை இருவரும் கோயம்புத்தூருக்குப் பேருந்தில் போனோம். தனியார் பேருந்து. பாட்டுச் சத்தத்தில் நடத்துநர் கேட்டது எனக்கும், நான் சொன்னது அவருக்கும் கேட்கவில்லை. எங்கோ ஒரு நிறுத்தத்துக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டார். மேம்பால வேலை நடக்கும் இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். எங்கள் ஊரிலும் நெரிசல் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தனியாகக் கோபப்படுவார்கள். இங்கே பின்னால் இருந்த அம்மாள் என் கையில் ஒரு நெல்லிக்காயைக் கொடுத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கல்யாணம் முடிந்ததா என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார்.

ஒரு பேக்கரியில் தேங்காய் பன்னும் தேநீரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். என்னோடு வந்துவிடு, அறை தயாராக இருக்கிறது, இனிமேல் நீ தனியாக இருக்க வேண்டாம் என்றேன். அக்கா பன்னைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, நானும் என் மனைவியும் எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்று கேட்டாள். ஏழுக்குப் போய் ஆறுக்கு வருவோம் என்றேன். எத்தனையாவது மாடி என்றாள். பன்னிரண்டு என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யோசிக்க நேரம் கொடு என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மழை. ஒன்றும் நடக்கவில்லை. கொள்ளு ரசம் வைத்திருந்தார்கள், அதைக் குடித்துவிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை வகுப்பில்தான் அது நடந்தது. பழனிசாமி என்றொருவர், எழுபத்தெட்டு வயது, பஞ்சாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் அவர்தான் முதல் மாணவர் என்று அக்கா சொல்லியிருந்தாள். அன்று அவர் பக்கத்தில் இர்ஃபான் நின்றிருந்தான். அடுத்த மெத்தையில் ஓர் அம்மாள் எழ முடியாமல் தடுமாற, அவன் இரண்டு எட்டு அந்தப் பக்கம் போனான். அந்த நேரத்தில் பழனிசாமி என் பக்கம் திரும்பி, "மலேசியாக்காரரே, இதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மெத்தைக்கு வெளியே, நின்ற நிலையிலிருந்தே பக்கவாட்டில் சாய்ந்தார். தாடை நெஞ்சில்தான் இருந்தது. ஆனால் கடைசி நொடியில் இடது கையை ஊன்றிவிட்டார். சத்தம் எனக்கே கேட்டது.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இர்ஃபான்தான் அவரைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். சீருடையைக்கூட மாற்றவில்லை. மாவுக்கட்டோடு திரும்பி வந்தபோது மேலாளர் சண்முகசுந்தரம் வாசலில் காத்திருந்தார். மென்மையாகப் பேசுகிற மனிதர். வகுப்பு இனி வேண்டாம் என்றும், கல்லூரிக்குக் கடிதம் எழுதப்போவதாகவும் மென்மையாகவே சொன்னார். கடிதம் போனால் முதல்வர் இர்ஃபானை அணியிலிருந்து எடுத்துவிடக்கூடும் என்று தாரணி என்னிடம் சொன்னாள். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் அவனுக்கு அந்தக் கல்லூரியில் இடமே கிடைத்திருக்கிறது.

எனக்கு ஒரு விதத்தில் வேலை எளிதாகிவிட்டது. வகுப்பு இல்லையென்றால் அக்காவுக்கு இங்கே இருக்கக் காரணமும் இல்லை. அப்படித்தான் அன்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பவானிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஜூடோ போட்டி. அதைப் பார்க்கப் போவதென்று முதியவர்களில் ஆறு பேர் முன்பே முடிவு செய்திருந்தார்கள். குடியிருப்பின் வண்டியை மேலாளர் தர மறுத்தார். அவர்கள் ஒரு வேன் பேசி வரவழைத்துக்கொண்டார்கள். பழனிசாமிக்குப் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது.

பெருந்துறை தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. ஓட்டுநர் அதை ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வேனுக்குள் வெயில் தாங்கவில்லை. எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்தார்கள். நான் வேன் படியில் உட்கார்ந்துகொண்டேன். பேருந்தில் நெல்லிக்காய் வந்த மாதிரியே இங்கேயும் ஒரு பை திறந்தது. முறுக்கு வந்தது. ஒரு மணி நேரம் கழித்து டயர் மாட்டியாயிற்று. கை கொடுக்கலாம் என்று நான் எழுந்து போவதற்குள், ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகப் புரண்டு, முழங்காலுக்கு வந்து, பாதத்தை முன்னால் வைத்து எழுந்துவிட்டார்கள். புடவையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். அவர்களில் மூத்தவருக்கு எண்பத்து மூன்று.

போட்டி நடந்த அரங்கில் தகரக் கூரை. மின்விசிறிகள் சுற்றியது தெரிந்தது, காற்று வரவில்லை. இர்ஃபான் முதல் சுற்றிலேயே ஒரு நிமிடத்துக்குள் தோற்றான். ராத்திரி அவன் தூங்கியிருக்க மாட்டான் என்று அக்கா சொன்னாள். தாரணி மூன்று பேரை வென்று இறுதிப் போட்டிக்கு வந்தாள். அதில் வென்றால் பல்கலைக்கழக அணியில் இடம்.

எதிரே சேலத்துப் பெண், இவளைவிட ஒரு சாண் உயரம். இரண்டு நிமிடம் சமமாகத்தான் போயிற்று. பிறகு அந்தப் பெண் தாரணியைச் சுழற்றி இடுப்புக்கு மேலாகத் தூக்கிப் போட்டாள். முதுகு முழுவதும் தரையில் படுகிற சுத்தமான வீச்சு. ஜூடோவில் அப்படி விழுந்தாலே தோல்வி, ஆட்டம் அத்தோடு முடிந்தது.

உடனே எங்கள் வரிசையிலிருந்து கைதட்டல் எழுந்தது. ஐந்து முதியவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். எதிர்க் கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தாரணி எழுந்து வணங்கிவிட்டு, எங்களைப் பார்க்காமலேயே வெளியே போனாள். இன்னும் தட்டிக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளுக்கு நான் எதற்கு நிறுத்துகிறேன் என்றே புரியவில்லை.

வெளியே பஜ்ஜிக் கடையில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. இது கடைசி வருடம், இனி ஒரு வாய்ப்பு இல்லை என்று என்னிடம் சொன்னாள். பிறகு அக்காவிடம், குரலை உயர்த்தாமல், "நான் தோத்ததுக்கு எதுக்குங்கம்மா கை தட்டுனீங்க?" என்றாள்.

அக்கா, "தோத்தியா ஜெயிச்சியான்னு எங்களுக்குப் பாக்கத் தெரியாது அம்மணி. எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாப்பலயே உழுந்தே. அத்தனை ஒசரத்துல இருந்து வந்தும் பொடணி கீழயே படல, கை ஊனல. அதைத்தான் பாத்தோம்" என்றாள்.

தாரணி ஒரு பஜ்ஜியை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடித்தாள். பிறகு, பழனிசாமி ஐயாவுக்கு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

திரும்பி வரும்போது அக்காவிடம் யோசித்தாயா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டுக் கூடத்தில் மேலாளர் கூட்டம் போட்டார். தாரணியும் இர்ஃபானும் வந்திருந்தார்கள். இர்ஃபான் உள்ளே வராமல் வாசற்படி அருகே நின்றான். பழனிசாமி கட்டுப்போட்ட கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து கைப்பேசித் திரையில் பேசினார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பயந்துபோயிருந்தார். ஆங்கிலத்தில், நிதானமாக, இந்த முறை மணிக்கட்டு, அடுத்த முறை இடுப்பெலும்பு என்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். தான் அங்கே வந்து சேரவே இரண்டு நாள் ஆகும் என்றார். எனக்கு வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பழனிசாமி கைப்பேசியை நல்ல கையில் வாங்கிக்கொண்டார். "நீ பயப்படறது சரிதான் கண்ணு. ஆனா மெத்தையில பண்ணச் சொன்னதைத் தரையில பண்ணுனது நானு. ஊருக்கு வந்தவருக்குக் காட்டோணும்னு பண்ணிப்போட்டேன். அந்தப் பையன் மேல பழியப் போட்டா எனக்குச் சோறு எறங்காது" என்றார். மகன், அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கும் வரை அவர் நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது என்றார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். அங்கே இருந்த ஒரே உறவினன் நான்தான். குடும்பத்தார் சார்பில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள் என்றார். நான் பேசத் தயாராக வரவில்லை. பழனிசாமி யாருக்குக் காட்ட விழுந்தாரோ அது நான்தான் என்பதை முதலில் சொன்னேன். பிறகு, அக்காவை அழைத்துப் போகத்தான் வந்தேன் என்றும், அங்கே பகலெல்லாம் பன்னிரண்டாவது மாடியில் அவள் தனியாகத்தான் இருப்பாள் என்றும், விழுந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் எங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னேன். நேற்று வேப்பமரத்தடியில் பார்த்ததையும் சொன்னேன். மகன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்றேன். ஆனால் வகுப்பை நிறுத்தினால் இவர்கள் விழாமல் இருக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லி முடித்தபோதுதான், என் அழைப்பை நானே திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டேன் என்பது உறைத்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் கடைசியில் இறங்கி வந்தார். ஒரு மருத்துவர் எல்லோரையும் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவருக்கு ஒரு மாணவர் நிற்க வேண்டும், மெத்தைக்கு வெளியே ஒன்றும் கூடாது. கூடவே, குடும்பத்தாருடைய ஒப்புதல் கடிதம் வேண்டும். படிவங்களை முன்பே அச்சடித்து வைத்திருந்தார். அக்காவுடையதை என் முன்னால் வைத்துப் பேனாவையும் நீட்டினார்.

அக்கா எட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். "நான் உழுகறதுக்கு எந்தம்பி எதுக்குங்க கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டாள். அதட்டலாக இல்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்பதுபோல. மேலாளர் யோசித்தார். பிறகு, சரிங்கம்மா என்றார். அவள் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டாள். மற்றவர்களும் தங்கள் படிவங்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

கல்லூரிக்கு எழுதிய கடிதத்தை மேலாளர் மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். வாசற்படி வரை போய் இர்ஃபானிடம், மருத்துவரைக் காலையிலேயே வரச் சொல்கிறேன், நாளை மறுநாள் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துப் பதினோரு பேராக வாருங்கள் என்றார். அவன் தலையை ஆட்டினான். சமையலறையிலிருந்து அந்த வடநாட்டுப் பணியாளர்களில் ஒருவர் தட்டில் இரண்டு தோசை கொண்டுவந்து அவனிடம் கொடுத்தார். அவன் நின்றபடியே சாப்பிட்டான். இன்னும் இரண்டு கேட்டு வாங்கினான்.

செவ்வாய்க்கிழமை காலை நான் பெட்டியைக் கட்டி முடித்தேன். அக்கா வழியில் சாப்பிடப் புளிசாதம் கட்டித் தந்தாள். டாக்சி வர அரைமணி நேரம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, "எங்கே, கீழ படு பாக்கலாம்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். படு என்றாள். சின்ன வயதில் அவள் சொன்னால் மறுக்க முடியாது, இப்போதும் முடியவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் மல்லாந்து படுத்தேன். எதையும் பிடிக்காமல் எழுந்திரு என்றாள்.

பக்கவாட்டில் புரண்டேன். முழங்கை வரைக்கும் வந்துவிட்டேன். முழங்காலுக்கு வரும்போது தொடை நடுங்கியது. பாதத்தை முன்னால் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை. இன்னொரு முறை முயன்றேன். கடைசியில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க எழுந்து நின்றேன்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். என் சட்டையின் பின்புறத்தை இரண்டு முறை தட்டிவிட்டாள்.

"நாளைக்கு புதன்கெழமை" என்றாள். "ஒரு நாள் சேத்தி இருந்திருக்கலாம் நீ."